அம்மா போட்ட பின்னல்

— ஆ! வலிக்குதுப்பா! சிக்கெடுக்கறியா, தலையவே கழட்டறியா?

— ஆடாம இரு வாலு. இந்த ஒரு சிக்கு விட்டுடுச்சுன்னா மிச்சமெல்லாம் தானா வந்துடும்.

— இதையேதான் அப்பவும் சொன்ன.

— அப்போ சொன்னது வேற சிக்கு. தோ, போன் அடிக்குது. உங்கம்மாதான். எடுத்து எதிர்ல நிக்க வை. முகத்த மட்டும் காட்டு, தலையக் காட்டிடாத.

— அம்மா! என் தலையப் பாரேன்!

— ஐயையோ! என்னங்க இது? என் புள்ள தலைய என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?

— ஒண்ணும் பண்ணலம்மா. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, தினம் வார வேணாம்னு நீ தலை பூரா பொடிப் பொடியா பின்னிவிட்டுப் போனியே, அதையெல்லாம் பிரிச்சேன். தலை நாறுது, பிரிச்சு அலசி அனுப்புங்கன்னு டீச்சர் சொல்லி விட்டாங்க. பிரிச்சேன், அலசினேன். அவ்வளவுதான்.

— பிரிச்சதும் சிக்கெடுத்தீங்களா?

— அலசினா தானா விட்டுடும்னு...

— சிக்கெடுக்காமயா தண்ணி ஊத்தினீங்க! என்னங்க நீங்க! இத்தனை நாளா உதிர்ந்த முடியெல்லாம் பின்னலுக்குள்ளயேதான கிடக்கும்? அதை முதல்ல கையால உருவி எடுக்கணும், அப்புறம் சீப்பு, அதுக்கப்புறம்தான் தண்ணியே காட்டணும். இல்லேன்னா நல்ல முடியையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு கம்பளி மாதிரி இறுகிடும்.

— இதெல்லாம் எனக்கு யாரு சொன்னா? நான் சட்டை பேன்ட் தைக்கிறவன். தினம் நூல் சிக்கெடுக்கறோமே, இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன்.

— நூலுக்கு வலிக்காதுப்பா.

— ஷாம்பு வேற போட்டீங்களா?

— ரெண்டு தடவை. முதல்ல நுரையே வரல.

— எல்லாத்தையும் உச்சியில குவிச்சு வெச்சுக்கிட்டு கரகரன்னு தேய்ச்சாரும்மா. அழுக்குக் காலர் தேய்க்கற மாதிரி.

— எப்படிப் போட்டுக் குடுக்கறா பாரு! ஏம்மா, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரிக்கப் பிரிக்க கொத்துக் கொத்தா கையோட வருது முடி. புள்ளைக்கு ஏதோ சீக்குன்னு நினைச்சுட்டேன்.

— சீக்குமில்ல ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் தினம் உதிர்றதுதான். கீழ விழ வழியில்லாம உள்ளயே மாட்டிக்கிட்டு மொத்தமா வருது. சரி, ஒரு மாசத்துல பிரிச்சுடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, ஏன் விட்டு வெச்சீங்க?

— அவ விட்டாத்தானே? கிட்டப் போனாலே தலையக் கையால மூடிக்கிட்டு கட்டிலுக்கடியில போயிடுவா. அம்மா போட்டது, அம்மாதான் பிரிக்கணும்னு ஒரே அடம்.

— கண்ணு, அப்பா பிரிக்கும்போது அழுதியா?

— அழல. கண்ல ஷாம்பு போயிடுச்சு.

— சரி, சமையல் ரூமுக்குப் போயி எண்ணெய் எடுத்துட்டு வா. அப்படியே அலமாரியில பெரிய பல்லு சீப்பு இருக்கான்னும் பாரு. ஓடு... போயிட்டாளாங்க?

— போயிட்டா. சீக்கிரம் சொல்லு. முதலாளியம்மா என்ன சொன்னாங்க?

— லீவே கிடையாதுன்னுட்டாங்க. நான் பாத்துக்கற பெரியவங்களுக்கு வேற ஆள் ஊட்டினா சோறு இறங்க மாட்டேங்குதாம். இன்னும் ரெண்டு வருஷம் இருந்தாத்தான் பாஸ்போர்ட்டக் குடுப்பாங்களாம்.

— ரெண்டு வருஷமா! புள்ளையப் பத்திச் சொன்னியா? அழுதாவது கேட்டியா?

— அழுதேன். டிஷ்யூ எடுத்துக் குடுத்தாங்க.

— நான் வேணா பேசட்டுமா?

— எந்த பாஷையில பேசுவீங்க?

— வேற என்னதான்மா பண்றது?

— எனக்கு மட்டும் தெரியுமா? அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பரீட்சை லீவுக்கு அம்மா வந்துடும்னு ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கா.

— நான் எந்த வாயால சொல்லுவேன்? ஒரு சிக்கெடுக்கவே எனக்குத் துப்பில்ல.

— தினம் காலையில அந்தப் பெரியவங்களுக்குத் தலை வாரி விடறேங்க. இருக்கறது நாலு முடி. வலிக்கக் கூடாதேன்னு அதைப் பொறுமையா, பூப் போல வாருவேன். என் புள்ள தலை அங்க அப்படிக் கிடக்கு.

— சும்மா இரு. வர்றா.

— இந்தாப்பா எண்ணெய். சீப்பு அலமாரியிலதான் இருந்துச்சு.

— எண்ணெய் எடுக்கவா இவ்வளவு நேரம்?

— மூடி இறுக்கமா இருந்துச்சு.

— சரிங்க, கையில கொஞ்சமா ஊத்தி நுனியில தடவுங்க... ஐய, என்ன இப்படிக் கொட்டறீங்க, அது என்ன தையல் மிஷினா? நுனியிலேர்ந்து மேல வாங்க. ஒரு கையால முடிய வேர்கிட்ட இறுக்கிப் பிடிச்சுக்கணும். இழுக்கறது அவளுக்குத் தெரியவே கூடாது.

— வலிக்குதா வாலு?

— இல்ல. இப்ப கொஞ்சம் கொஞ்சம் அப்பா மாதிரி எடுக்கற.

— இவ்வளவு நேரம் யார் மாதிரி எடுத்தேன்?

— டீச்சர் மாதிரி.

— தோ பாரும்மா, முன்பக்கம் வந்துடுச்சு! காதுப்பக்கமும் பரவாயில்ல. பின்னங்கழுத்துலதான்... விரல் உள்ளயே போகல.

— கிட்ட காட்டுங்க. வெளிச்சத்துக்குத் திருப்புங்க அவள.

— தெரியுதா?

— தெரியுது.

— எண்ணெய ஊத்திட்டேன், சீப்புக் காம்ப விட்டுப் பாத்துட்டேன். அட்டை மாதிரி இருக்கும்மா. நீ இருந்தா எடுத்துடுவியா?

— இருந்தா எடுத்துடுவேன். மடியில படுக்க வெச்சு, நாள் பூரா ஆனாலும் எடுத்துடுவேன்.

— என்னால முடியல. நிஜமா முடியல. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் பல்லக் கடிச்சுக்கறா, சத்தமே போடல. அதைப் பாக்க முடியல என்னால. கத்தரியால இதை மட்டும்...

— கத்தரியத் தொடாதீங்க! அதை வெட்டினா பின்னாடி வெறும் கழுத்துதான் இருக்கும், மிச்சத்தையும் அதுக்குச் சமமா ஒட்ட வெட்டணும். அப்படியே எண்ணெய் தடவி முடிஞ்சு வைங்க. பரீட்சை லீவுக்குத்தான் நான் வந்துடுவேனே. வந்து ஒவ்வொரு முடியா எடுத்து விடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கடா கண்ணு. கொஞ்ச நாள்தானே? சொல்லுங்களேன் நீங்களும்.

— ஆமா வாலு. கொஞ்ச நாள்தான். அம்மா வந்துடும்.

— அப்பா, கத்தரி எங்க இருக்கு?

— மிஷின் மேலதான். ஏன்? அதான் அம்மா வந்து எடுத்து விடறேன்றாளே.

— வெட்டிடுப்பா. அம்மா வர்றதுக்குள்ள மறுபடி இடுப்பு வரைக்கும் வளந்துடும்.