அரக்குப் புடவை எந்தப் படத்தில்?

பிள்ளைகளே, இன்று காலை தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். எதிர் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். கண்ணாடி போட்டவன் கேட்டான்:

“மச்சான், கருப்பு வெள்ளைப் படத்துல அரக்குப் புடவையை எப்படிடா தேடுறது?”

வீட்டுப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, வேண்டியதைத் தேடி எடுக்க ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார்களாம். இன்று மதியம் அவர்களுடைய சாரின் மனைவி, தன் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை அதில் தானே தேடி எடுத்தால்தான் பிராஜக்ட் பாஸ்.

“தேதி போட்டா வந்துடுமே?” என்றான் மற்றவன்.

“எங்கம்மாவை உக்கார வெச்சுப் பாத்தேன். தேதி யாருக்குடா ஞாபகம் இருக்கு, அரக்குப் புடவை கட்டியிருந்தேனே, அந்தப் படம்னாங்க.”

“அதுக்குத்தானே புடவைக் கலர்னு ஒரு கட்டம் சேத்தோம்?”

“சேத்தோம். சார் வீட்டு மேடம் ஆல்பம் முழுக்கக் கருப்பு வெள்ளை. அந்தக் கட்டத்துல நீ என்னடா அடிச்சு வெச்சிருக்க?”

“சாம்பல்.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாமே சாம்பலாத்தானே இருக்கு?”

பெருங்களத்தூர் வந்து போயிற்று. மற்றவனே மறுபடி ஆரம்பித்தான்.

“சரி, மேடத்தையே கேட்டு அடிச்சுடலாம். அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?”

“எங்கம்மாவுக்கு இருந்துச்சு. கலரு, கடை, யார் எடுத்துக் குடுத்தது, எந்தச் சித்தி இரவல் வாங்கிக் கறையாக்குனது, எல்லாம் சொன்னாங்க. ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம்.”

“மேடத்துக்கு எத்தனை படம்?”

“இருநூறு.”

மற்றவன் அவன் தோளில் தட்டினான்.

“கவலையை விடு மச்சான். பத்தாவது படத்துலயே சார் பாஸ் போட்டு, கிளம்புங்கடான்னு சொல்லிடுவாரு.”