சொந்தத்து ரத்தம்

அந்த மிஷினத் தட்டாதீய அண்ணாச்சி, தட்டுனா தொறக்காது. சுத்துதது நிக்கணும், அதுக்குப் பொறவுதான் மூடி தொறக்கும். இன்னும் நாலு நிமிசம். பாளையங்கோட்டைல எந்த ரத்த வங்கிக்குப் போனாலும் இதே கததான்.

உள்ளயா? உள்ள ஒங்க அண்ணன் மவன் குடுத்த ரத்தம். எதுத்தாப்ல அதே எடைக்கு இன்னொரு பாக்கெட்டு வச்சிருக்கேன், இல்லன்னா மிஷினு கெடந்து குதிக்கும். சுத்துத வேகத்துல கனமான செவப்பு அடில போயி உக்காந்துரும், மஞ்சத் தண்ணி மேல நிக்கும். நடுவுல பாலாடை மாரி வெள்ளையா கொஞ்சம். மஞ்சளப் பிழிஞ்சு வேற பாக்கெட்டுக்குத் தள்ளிட்டு, செவப்ப மட்டும் ஒங்க மவளுக்கு ஏத்தணும்.

எதுத்த பாக்கெட்டு யாருதா? அட அண்ணாச்சி, அது வெறும் தண்ணி! எடைக்கு வச்சது. பயப்படாதீய, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.

காலைல பத்து மணிக்கே, பிரிச்சு வச்ச செவப்பு ஒரு பாக்கெட்டு, பி நெகட்டிவ், ஃபிரிட்ஜ்ல தயாரா இருந்துச்சுல்லா? பிள்ள பெத்த ஒடம்பு, ரத்தம் நிக்க மாட்டேங்கு, கையெழுத்துப் போடுங்கன்னு டாக்டரம்மா கெஞ்சுனாவ. நீங்க என்ன கேட்டீய? யாரு குடுத்ததுன்னு கேட்டீய. சீவலப்பேரி முகாம்ல எடுத்ததுன்னு நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இல்லாம சொன்னேன். சீவலப்பேரில எந்தத் தெருன்னீய. அதையுஞ் சொன்னேன். பேனாவ மூடிட்டீய. ஒடனே அம்பாசமுத்திரத்துக்குப் போனு, சொந்தத்துல ஆளு வரணும்னு. அவன் வந்து, குத்தி எடுத்து, நோய் நொடி சோதிச்சு... இந்தா, மணி ஒண்ணரை ஆவுது.

எம் பேரா? சத்தியநேசன். ஊரு சீவலப்பேரிதான். அடுத்ததையுங் கேளுங்களேன், ஏன் தலையக் குனியுதீய? ஆமா, அந்தத் தெருதான். காலைல வேண்டாம்னீயல்லா, அந்தப் பாக்கெட்டு நான் குடுத்தது.

இந்தா, நின்னுட்டு. தூக்கிக் காட்டுதேன், கிட்ட வந்து பாருங்க. எப்படிப் பிரிஞ்சிருக்கு! என்னுதும் இப்படித்தான் இருந்துச்சு, இதே செவப்பு, இதே மஞ்சள். ஒங்காளுக ரத்தத்துல தங்கம் ஏதும் மெதக்குதான்னு பாத்தேன், ஒண்ணையுங் காணும்.

குடு குடுன்னு கைய நீட்டுதீயளே, யாருக்கு ஏத்தப் போறீய? மேல வார்டுலேருந்து போன் வந்துட்டு அண்ணாச்சி, இத மிஷின்ல வைக்கதுக்கு முன்னாலயே. நீங்க அப்ப வாசல்ல சம்மந்திகிட்ட, எங்க ரத்தந்தான் ஏத்துவோம்னு நெஞ்ச நிமுத்திப் பேசிட்டு நின்னீய. ஒண்ணேகாலுக்கே ஒங்க மவ போயிட்டா. டாக்டரம்மா ஒங்களத்தான் தேடுதாவ. நாந்தான், சொந்தத்து ரத்தம் பிரியுதத நீங்க கண்ணால பாக்கட்டுமேன்னு இங்கன கூட்டியாந்தேன்.

ஓடாதீய. படி இப்பதான் கழுவி விட்டிருக்கு, வழுக்கும். பைய போங்க.