அரைச் சுத்து

மதியம் சாப்பிட்டா எனக்குக் கண்ணைச் சொக்குமுங்க சார். அதுலயும் அரிசிம்பருப்பு சாதம்னா சொல்லவே வேண்டாம்.

சரவணம்பட்டியில எங்க கம்பெனி துப்பாக்கி மேல மாட்டுற கருவி செய்யுது. இருட்டுல சிப்பாய் அதுல கண்ணை வச்சா, எதிர்ல நிக்கிற ஆள் பச்சையாத் தெரிவான். பத்தொம்பது வருசம் அங்க நான்தான் இன்ஸ்பெக்சன். ஒவ்வொரு கருவியையும் மெசின்ல மாட்டி ஐநூறு தடவை குலுக்கோணும். சுடறப்ப வர்ற அதிர்ச்சிக்குக் குறி நகருதான்னு பாக்கோணும். அந்தச் சத்தத்துல மனுசன் தூங்க முடியுங்களா? அம்பதோட நிறுத்திப்போட்டு ஐநூறுன்னு எழுதிப்போடுவேன். ஒரு புகார் வந்ததில்லீங்க.

அப்புறம் அக்ஷயா வேலைக்கு வந்துச்சு. பவானிப் பொண்ணு, ரொம்ப மரியாதை. கேள்வி கேக்கறதும் மரியாதையாத்தான்.

"ஏனுங்க சார், நாலு நிமிசத்துல ஐநூறு எப்படீங்க குலுக்குச்சு?"

"மெசினுக்கு இன்னிக்கு உற்சாகம், கண்ணு."

அது சிரிக்கலீங்க. நேரா முதலாளிகிட்டச் சொல்லிப்போடுச்சு. அடுத்த வாரம் என்ற நாற்காலியில அது. நான் பேக்கிங்ல, பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு. போறவன் வர்றவனெல்லாம், "திருமலைசாமியண்ணா, டேப் நேரா இருக்குதுங்களா?"ன்னு கேட்டுச் சிரிச்சானுக.

கோபமெல்லாம் இல்லீங்க. அது பாஸ் பண்ணி அனுப்பினதைத் திறந்து, உள்ள குறியைப் புடிச்சு நிறுத்துற திருகாணியை அரைச் சுத்து தளர்த்திப்போட்டு, மறுபடி சீல் வச்சேன். முதல் இருவது குண்டுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் மெல்ல இடதுபக்கம் போகும். புகாரோட திரும்பி வரும், பொண்ணு மூஞ்சியைத் தொங்கப்போடும். அவ்வளவுதான் என்ற கணக்கு.

எல்லையில ஒரு காவல்சாவடியில, கம்பிவேலிகிட்ட வந்தவனை ஒரு சிப்பாய் குறிவச்சிருக்கான். குண்டு, முன்னால வேலியோரமா இடதுபக்கம் படுத்திருந்த சொந்தக் கூட்டாளி கழுத்துல போயிருச்சு. பேரு சபரீஷ், இருவத்தாறு வயசு. நம்ம மேட்டுப்பாளையத்துப் பையன். கருவியிலதான் கோளாறுன்னு கம்பெனிக்குத் தகவல் வந்துச்சு.

துக்கத்துக்குக் கம்பெனி சார்பா மாலை கொண்டுபோனது நான்தானுங்க. நல்ல பெரிய மாலை. அக்ஷயாவும் வந்துச்சு. பையனோட அம்மா காலைப் புடிச்சுக்கிட்டு, "ஐநூறும் முழுசாக் குலுக்கிப் பாத்துத்தானுங்கம்மா அனுப்பினேன்"னு அழுதுச்சு. நான்தான் தூக்கி நிறுத்தி, சோடா வாங்கிக் குடுத்தேன்.

"உடு அம்மணி. தப்பு யாருக்கும் நடக்கறதுதான்."

மனசாரத்தான் சொன்னேனுங்க. மறுநாளே அது வேலையை விட்டுப்போட்டுப் போயிருச்சு. நாற்காலி திரும்ப எனக்கு வந்துச்சு.

சீல் மேல இருக்கிறது என்ற கைரேகைதானுங்க சார். செஞ்சது நான்தான், மறுக்கலை. ஆனா "அந்த ஒரு கருவியை எதுக்குய்யா கெடுத்தே"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் உங்க ரிப்போர்ட்டுல தப்பு. ஒண்ணு போதுமான்னு சந்தேகம் வந்து, அந்த வாரம் பதினாலு செஞ்சுபோட்டேன். மீதி பதிமூணும் எந்த மலையில, எவன் கையில இருக்குதுன்னு எனக்கெப்படீங்க தெரியும்? நம்பர் குறிச்சு வைக்கிறதெல்லாம் இன்ஸ்பெக்சன் வேலை. நான் அப்ப பேக்கிங்.