ஆறு மணிக்கு முன்ன படம் வரணும்

டிவியா? டிவி இங்க இல்ல தம்பி. ஆமா, ரிப்பேருக்குன்னு ஆள் அனுப்பிக் கூப்பிட்டது நான்தான். பிச்சைமணிங்கறதும் நான்தான். டிவி மட்டும் இல்ல. அட, கோவிச்சுக்கிட்டு எந்திரிக்காதீங்க. கலூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி மட்டாஞ்சேரி வரைக்கும் வந்திருக்கீங்க, ஒரு சாயா குடிங்க. நான் பேசுற தமிழ் புரியுதுல்ல? அம்மா பாலக்காடா? பின்ன என்ன, பாதி நம்ம ஆளு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இஸ்திரிப் பெட்டியத் தொட்டுராதீங்க, உள்ள கனல் கெடக்கு.

டிவி இருக்கறது பக்கத்து வீட்டுல. அந்தா, வெள்ள விரிப்பு காயுதுல்ல, அதுக்கு அந்தப் பக்கம் பச்சக் கதவு. செல்லதுரை வீடு. என் சித்தப்பா மகன். அவங்கூடப் பேசிப் பதினேழு வருஷம் ஆகுது. சுத்தமாப் பேசாம இருக்க முடியுமா? ஒரே களத்துல துணி காயப்போடுறோம், ஒரே கெணத்துல தண்ணி எடுக்குறோம். சொல்ல வேண்டியது ஏதாவது வந்தா நான் காக்காகிட்டச் சொல்லுவேன். ஏ காக்கா, மழ வருது, துணிய எடுன்னு. அவன் வந்து எடுத்துருவான். அவனுக்கு ஏதாவது சொல்லணும்னா கெணத்துக்குள்ள குனிஞ்சு சொல்லுவான். எல்லாம் மரியாதையாத்தான் நடக்குது.

எதுக்குச் சண்டைன்னா... கேளுங்க. நான் பள்ளிக்கூடம் போனது ரெண்டாங்கிளாஸ் வரைக்கும்தான். ஆனா துணி வெளுக்கறவனுக்குக் குறிதான் எழுத்து. சேங்கொட்ட மையில ஒரு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். எது எந்த வீட்டுச் சட்டன்னு பாத்த ஒடனே சொல்லிருவேன். நூத்திநாப்பது வீடு. டாக்டர் வீட்டுக்கு மூணு புள்ளி ஒரு கோடு. எங்கப்பா காலத்துலேர்ந்து அதுதான். இந்தச் செல்லதுரை என்ன பண்ணான், ஹார்பர்ல வேல பாக்குற ஒருத்தரு வீட்டுக்கும் அதே மூணு புள்ளி ஒரு கோடு போட்டான். கேட்டா, அண்ணே, உன் கோடு நிக்குது, என் கோடு படுத்திருக்குங்கறான். துணிய மடிச்சு வச்சா எது நிக்கிறது எது படுக்கிறது? டாக்டரம்மாவோட உள்பாவாட ஹார்பர்க்காரரு மூட்டையில போயிருச்சு. போனது பெருசில்ல. அத மொதல்ல எடுத்துப் பாத்தது அவரு சம்சாரம்.

சிரிக்காதீங்க. அந்த வீட்டுல பத்து நாள் அடுப்பு எரியல. ரெண்டு வீட்டுலயும் கூப்பிட்டுத் திட்டுனது என்னத்தான். மூத்தவன்ல. செல்லதுரை அதுக்குள்ள பம்பாய்க்கு ரயிலேறிட்டான். ஒன்பது வருஷம் அங்க ஒரு லாண்டரியில இஸ்திரி போட்டுட்டு, வாய் நெறைய ஹிந்தியோட திரும்பி வந்தான். வந்தவன் எங்கிட்ட ஒரு வார்த்த, அண்ணே, தப்பு எம்மேலன்னு... இல்லவே இல்ல. போன ஓணத்துக்கு டிவி வாங்கிட்டான்.

வாங்கட்டும். எனக்கென்ன? எங்க வீட்டுக்காரி ஆவுடையம்மாளும் மொத ஒரு வாரம் அப்பிடித்தான் சொன்னா. ரெண்டாவது வாரம், உப்பு வாங்கிட்டு வர்றேன்னு போனா. உப்பு வாங்க ஒருத்தி உக்கார்ற பலகையக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போவாளா? நான் ஒண்ணும் கேக்கல. அவ எங்க போனா என்ன, சோறு நேரத்துக்கு வந்துருது.

ஆனா கங்கா விஷயம் அப்பிடி இல்ல.

கங்கா என் மக பேச்சியோட மக. கோட்டயத்துல இருக்கா, நாலாங்கிளாஸ். மார்ச்சு கடசியில பள்ளிக்கூடம் அடச்சா ஜூன்ல தொறக்கறது வரைக்கும் இங்கதான். வருஷத்துல பத்து மாசம் எனக்குப் பேச்சுத்தொணைன்னு யாரும் கெடையாது. ஆவுடையம்மாள் பேசுவா, அது வேற வகை. இந்தப் புள்ள வந்தா, அந்தா இஸ்திரி மேச, அதோட மூலையில ஏறிக் கால ஆட்டிக்கிட்டு உக்காந்துக்கும். நான் தேச்சுக்கிட்டே இருப்பேன், அது பேசிக்கிட்டே இருக்கும். எந்த டீச்சரு எந்த டீச்சரோட பேசமாட்டாங்க, பக்கத்து பெஞ்சுக்காரி யாரு பென்சிலத் திருடுனா, எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் கோட்டயத்துக்குப் போனா அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு யாரையும் அடையாளம் காட்ட வேண்டாம். இன்னொரு விஷயம் கேளுங்க, நான் தேக்கற வேகம் கொறஞ்சா, தாத்தா, கதை கேட்டது போதும், சட்ட கருகுதும்பா.

இந்த வருஷம் வந்த மொத நாளே என்ன கேட்டா தெரியுமா? தாத்தா, இங்க யாரு வீட்டுல டிவி இருக்கு?

லீவுப் புள்ளைங்களுக்குன்னு ஒரு தொடர் போட்டான்ல, தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு, அர மணிக்கூர். பாத்திருக்கீங்களா? நீங்க நூறு வீட்டுல அதப் பாத்துக்கிட்டே ரிப்பேர் பண்ணியிருப்பீங்க. கப்பல்ல வேல பாக்கற ஒருத்தன் காணாமப் போயிருவான். அவன் பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்களையும் ஒரு நாயையும் கூட்டிக்கிட்டு ஊர் ஊராத் தேடுவா. இல்ல, நான் பாக்கல. காத்து வாக்குல காதுல விழுறதுதான். எல்லாம் ஹிந்தி. இந்தக் களத்துல ஒரு குஞ்சுக்கும் ஹிந்தி தெரியாது. அதனால செல்லதுரை என்ன பண்ணுவான், டிவிக்குப் பக்கத்துலயே முட்டி போட்டு உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணையும் தமிழ்ல சொல்லுவான். அந்தப் பொம்பள அழுதா இவனும் குரல ஒடச்சுக்குவான். நாய் கொரைச்சா கொரைப்பான். இருபது புள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கும்.

நம்ம கங்கா மொத வரிசை. அஞ்சு மணிக்கே எடம் பிடிக்கப் போயிரும். திரும்பி வந்தா அந்த நாய்க்கு என்ன ஆகுமோங்கற வெசனத்துல சோறு எறங்காது. கோட்டயம் விஷயம் ஒண்ணு சொல்லேன்னு நான் கேட்டேன் தம்பி. நானே கேட்டேன். என்னத்தச் சொல்ல தாத்தா, அங்க ஒண்ணும் நடக்கலங்குது.

இருங்க, அவசரப்படாதீங்க. வேலைக்குத்தான் கூப்பிட்டேன்.

பதினஞ்சு நாளைக்கு முன்ன அவன் வீட்டுல படம் நின்னுபோச்சு. பொறிப்பொறியா வருது, சர்ருனு சத்தம், வேற ஒண்ணும் இல்ல. செல்லதுரை ஓட்டுமேல ஏறி ஏரியலத் திருப்புனான் பாருங்க, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். கெழக்க திருப்புனான், தெக்க திருப்புனான், எறங்கி வந்து பாப்பான், மறுபடி ஏறுவான். வெயில்ல மூஞ்சி செவந்து போச்சு. நான் எங்க வீட்டு வாசல்ல உக்காந்து, நெஞ்சறியச் சொல்றேன், இந்த வருஷத்துலயே நல்லாச் சோறு தின்ன நாள் அதுதான். தேவராவுல ஒரு ரிப்பேர் கடையில சொல்லி அனுப்பினான், அவங்க இன்னிக்கு நாளைக்குன்னு வரவே இல்ல.

சரி, இனி புள்ள இங்க வந்துரும்னு மேசையோட மூலைய ஒழிச்சு வச்சுட்டு இருந்தேன். ஆறு மணி ஆச்சு. வரல. போய்... போகல, இந்த விரிப்புக்குப் பின்னால நின்னு பாத்தேன். செத்துப்போன டிவிக்கு முன்னால இருபதும் உக்காந்திருக்கு. செல்லதுரை பழையபடி முட்டி போட்டுக்கிட்டுக் கதை சொல்றான்! மீதிக் கதைய! எவன் எழுதிக் குடுத்தான்? அவனே அடிச்சுவிடுறான். டிவிக்காரன்னா அர மணிக்கூர்ல முடிச்சு வெரட்டி விட்டுருவான். இவனுக்கு யாரு முடிக்கச் சொல்றது? ஏழு மணி, ஏழர மணி. ஆவுடையம்மாளும் பலகையோட அங்கதான்.

நேத்து என்ன பண்ணான் தெரியுமா? அந்தக் குடும்பத்தக் கூட்டிக்கிட்டு மட்டாஞ்சேரிக்கே வந்துட்டான். படகு எறங்கி, சந்து வழியா நடந்து, வெள்ளத்துணி காயுற ஒரு களத்துக்கு வர்றாங்களாம். அங்க ஒரு கெழவனாம். தண்ணி கேக்குறாங்களாம், பதில் இல்லையாம். வழி கேக்குறாங்களாம், பதில் இல்லையாம். ஏன்னா அந்தாளு மனுசங்ககூடப் பேசமாட்டாராம், காக்காகூட மட்டும்தான் பேசுவாராம். என் குரல்லயே பேசிக் காட்டுறான் தம்பி! இருபதும் உருண்டு பெரண்டு சிரிக்குது. என் பொண்டாட்டி முந்தானைய வாயில வச்சுக்கிட்டா.

கங்காவா? அதுவும் சிரிச்சுச்சு. நல்லாத்தான் சிரிச்சுச்சு. அப்பறம் நிறுத்திட்டு, செல்லதுரைத் தாத்தா, அந்தக் கெழவரு ஏன் மனுசங்ககூடப் பேசமாட்டேங்கறாருன்னு கேட்டுச்சு.

அவன் எந்திரிச்சு டிவிமேல துணியப் போத்துனான். நாளைக்குச் சொல்றேன்னுட்டான்.

நாளைக்குன்னா இன்னிக்கு. இன்னிக்கு ஆறு மணிக்கு. அந்தக் கதைய அவன் எப்பிடிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? அவன் கோடு படுத்திருக்கும், என் கோடு நிக்கும், தப்பு எம்மேலன்னு கதை முடியும். அந்தப் புள்ள ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருந்தா... கேக்கலியே. ராத்திரி சோறு தின்னுக்கிட்டே என்னையே பாத்துச்சு, ஆனா கேக்கல.

அதனாலதான் ஒங்களக் கூப்பிட்டேன். அவனக் கதை சொல்ல விடக்கூடாது. படம் வரணும். அந்தக் கப்பல்காரன் வீட்டு ஆளுங்க ஹிந்தியிலயே அவங்க ஊர்லயே தேடிக்கட்டும்.

இல்ல, டிவிப் பெட்டியத் தொறக்கவே வேண்டாம். அதுல ஒரு கொறையும் இல்ல. நீங்க நேரா அவன் வீட்டுக்குப் போங்க, தேவராக் கடையிலேர்ந்து வர்றேன்னு மட்டும் சொல்லுங்க. ஓட்டுமேல ஏறி ஏரியல சும்மா ஒரு திருகு திருகுங்க. அப்பறம் வயரப் பாத்துக்கிட்டே இந்தப் பக்கம் எறங்கி வாங்க. அவன் ஏரியல் வயரு எங்க துணிக் கயறோட சேந்துதான் வீட்டுக்குள்ள போகுது. கயறு கட்டியிருக்கற மூணாவது தூண். நாங்க கிளிப்பெல்லாம் போடமாட்டோம், ரெண்டு கயற முறுக்கி அந்தப் பிரிக்குள்ளதான் துணிய சொருகுவோம். அந்தப் பிரிக்குள்ள வயரோட ரெண்டு முனையும் இருக்கும். வெளிய தெரியாது. பதினஞ்சு நாளா அவனுக்கே தெரியல. நான்தான் அறுத்தேன், நூல் வெட்டற கத்திரியால. நீங்க ஒட்டி, டேப்பு சுத்திட்டுப் போயிருங்க. கூலி அவங்கிட்ட வாங்காதீங்க, எங்கிட்ட வாங்கிக்கோங்க.

மணி என்ன ஆகுது? நாலே முக்காலா? சரி, எந்திரிங்க. ஆறரைக்குப் படம் முடிஞ்சா புள்ள இங்கதான வரணும். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் கெடக்கு.