அழுததைப் பார்த்தவர்

பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே தேயிலை மலைகள் பனிமூட்டத்துக்குள் கரைந்துகொண்டிருந்தன. முன் சீட்டில் புத்தகப் பைகளை மடியில் வைத்தபடி இரண்டு பெண்பிள்ளைகள்.

"நான் அழுததப் பாத்தவங்கதான் அந்தக் கடிதத்த எழுதணும்," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

என் தூக்கம் கலைந்தது.

"அனே, பைத்தியமா ஒனக்கு?" என்றாள் மற்றவள். "வெளிநாட்டு கெம்பஸுக்குப் படிக்கப் போறதுக்கான சிபாரிசுக் கடிதம். கிளாஸ் சேர்கிட்ட கேளு. இங்கிலிஸ்ல அழகா எழுதிக் குடுப்பாரு. கவுன்சிலிங் மிஸ்ஸுக்கு அவ்வளவு இங்கிலிஸ் வராது."

"சேருக்கு என் மார்க்ஸ் மட்டுந்தான் தெரியும். அம்மா செத்தப்புறம் நான் ஸ்கூலுக்கே வரலல்ல? கவுன்சிலிங் மிஸ்தான் எங்க லயத்து வீட்டுக்குத் தேடி வந்து, நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தாங்க."

"ஸ்கூலுக்கு வராததையும் எழுதிட்டாங்கன்னா? எடம் கெடைக்காதுடி."

"அதான் பயமா இருக்கு."

பஸ் வளைவுகளில் மெல்ல ஊர்ந்தது. பனி உள்ளேயும் வந்துவிட்டது போலிருந்தது. ஜன்னலோரத்துப் பிள்ளை போனை எடுத்தாள். "மிஸ், நான்தான்..." என்றாள். அதன்பிறகு அவள் குரல் என்ஜின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோனது. பேசி முடித்துப் போனைப் புத்தகப் பைக்குள் வைத்தாள்.

"என்னவாம்? எழுதுறாங்களாமா?"

"எழுதுறாங்களாம். நான் ஸ்கூலுக்கு வராம இருந்தத எழுதவா, வேணாமான்னு என்கிட்டயே கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எழுதுங்க மிஸ், திரும்பி வந்ததையும் சேத்து எழுதுங்கன்னேன்."