தானாகத் தண்ணீர் மாற்றும் மெஷின்

மீன் வளர்ப்பதில் மீன் ஒரு பிரச்சினையே இல்லை, சார். தண்ணீர்தான் பிரச்சினை. கண்ணாடித் தொட்டி வாங்கி வீட்டில் வைக்கிறவர்கள் முதலில் மீனைப் பார்ப்பார்கள், பிறகு அடியில் சேரும் கசடைப் பார்ப்பார்கள், அப்புறம் தொட்டியை யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பார்கள். பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு அதே அளவு புதுத் தண்ணீர் விட வேண்டும். வேலை அவ்வளவுதான். அதை வாராவாரம் செய்யத்தான் யாருக்கும் உடம்பு வணங்காது.

எங்கள் பக்கம் அது இன்னும் ரோதனை. போர் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீரில், மலைக்கோயில் கிருத்திகைக்குக் கூட்டம் வந்தால் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கும். டிரம்மில் பிடித்து ஆறவிட்டு, சூடு பார்த்து, அப்புறம்தான் தொட்டியில் விட முடியும். இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். இது தெரியாமல் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாது.

என் பெயர் கிங்ஸ்லி. அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிக்னல் வேலையில் சேர்ந்த அன்றே ஒன்றை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். கம்பி அறுந்தாலும், விளக்கு போனாலும், கரண்டு போனாலும் சிக்னல் சிவப்பில்தான் நிற்க வேண்டும். பழுது எதுவாக இருந்தாலும் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது. அந்தப் புத்தி எனக்கு ஊறிப்போனது. வீட்டில் மிக்சி பழுது பார்த்தாலும் அதே கணக்குத்தான்.

இறந்துபோன தணிகைமணி எனக்குப் பக்கத்துத் தெரு. வீட்டின் பின்பக்க அறை முழுக்கத் தொட்டிகள் வைத்து மீன் வளர்த்து விற்றான். அதில் டிஸ்கஸ் என்று ஒரு ஜாதி, தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கிவிடும். அதற்காக அவன் நாளெல்லாம் வாளியும் கையுமாக அலைவான். என் மனைவி கிருபா தவறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் மனைவி சுதா என்னை அண்ணா என்பாள். குழந்தை தேஜு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு திரியும். எனக்குத் தணிகைமணியை ரொம்பப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்விரோதம் என்று நீங்களாக ஒன்றைச் சேர்த்துவிடக் கூடாது.

அவன் படும் பாட்டைப் பார்த்துத்தான் இந்த மெஷினை ஆரம்பித்தேன். தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு பம்பு பழைய தண்ணீரை வெளியே இறைக்கும். மட்டம் இறங்கியதும் மிதவை அதை நிறுத்தும். பிறகு ஆறவைத்த டிரம்மிலிருந்து புதுத் தண்ணீர் ஏறும், மேல் மிதவை அதை நிறுத்தும். மிதவை ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அதற்கு மேலே இன்னொரு மிதவை இருக்கிறது. கரண்டு போய் வந்தால், யாராவது பொத்தானை அழுத்தும்வரை சும்மா நிற்கும். பம்பில் கரண்டு கசிந்தால் ட்ரிப்பர் விழுந்து மொத்தமும் அணைந்துவிடும். எங்கே தொட்டாலும் சிவப்புத்தான். எந்த வீட்டிலும் வைக்கலாம், யாரும் கை வைக்கத் தேவையில்லை. நான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த பொருள் என்றால் அது ஒன்றுதான்.

தணிகைமணி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். முதல் மெஷினை அவன் அறையில்தான் மாட்டினேன். மல்லிகைச் சரம் போட்டுச் சூடம் காட்டினான். நான் கிறிஸ்தவன், இருந்தாலும் அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அவனிடம் ஒரு பழக்கம். காலையில் எழுந்ததும் மீன் அறைக்குப் போய், ஒவ்வொரு தொட்டியிலும் முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பான். சூடு, வழுவழுப்பு, எல்லாவற்றையும் கையிலேயே பார்த்துவிடுவானாம். மெஷின் வந்த பிறகும் விடவில்லை. இரவெல்லாம் அது துல்லியமாக மாற்றி வைத்த தண்ணீரில் காலையில் இவன் கையை விட்டு, "ஆங், பரவால்ல" என்பான். பரவாயில்லையாம். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினவனிடம் சொல்கிற மாதிரி.

நான் பொறுத்துக்கொண்டேன். அரக்கோணத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்கு மெஷினைக் காட்டப் போனோம். ஹாலில் பெரிய தொட்டி. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. கிளம்பும்போது தணிகைமணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா.

"மெஷினு அதும்பாட்டுக்கு ஓடிகினு இருக்கட்டும் சார். ஆனா காலைல ஒருவாட்டி கைய உட்டுப் பாத்துடுங்க. மனசுக்குத் திருப்தியா இருக்கும்" என்றான்.

டாக்டர் சிரித்தார். "கைய விடணும்னா அப்புறம் மெஷின் எதுக்குங்க?" என்றார். வாங்கவில்லை. அடுத்துப் போன வீடுகளிலும் இவன் அதையேதான் சொன்னான். வாங்கினவர்களும் கையை விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். வரும் வழியில் கேட்டால், "ஏம்பா, உள்ளத தானே சொன்னேன்" என்று என் தோளில் தட்டினான். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆடி மாதம் பிறந்தது. அவன் வருடாவருடம் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கிறவன். மாலை போட்டுவிட்டால் மஞ்சள் வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை. காலில் செருப்பு போட மாட்டான். மலையேறி இறங்கி மாலையைக் கழற்றும்வரை எங்கே போனாலும் வெறுங்கால். மற்ற நாட்களில் மீன் அறைக்கு என்றே ஒரு ரப்பர் செருப்பு வைத்திருந்தான், அங்கே தரை எப்போதும் ஈரம்.

மாலை போட்ட கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிட்டுவிட்டான்.

"கோச்சிக்காதபா கிங்ஸ்லி. மீனுங்க எல்லாம் ஓரமா ஒதுங்கி நிக்குது. மனுசன் கை பட்டாதான் அதுங்களுக்கு ஒரு இது. கிருத்திக முடியட்டும், மெஷின கழட்டிடலாம். நான் பழையபடி வாளியிலயே ஊத்திக்கிறேன்."

பக்கத்தில் நின்ற சுதா, "அண்ணன் எவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சது, இருந்துட்டுப் போட்டுமே" என்றாள். அவன் தலையை ஆட்டினான். மீன்கள் ஒதுங்கவில்லை, சார். நான் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் நீந்தின. முதல் மெஷின் வைத்த இடத்திலேயே அதைக் கழற்றினால் வேறு எந்த வீட்டில் வைப்பார்கள்? ஊரில் மீன் வளர்க்கிற எல்லோருக்கும் அவன் வாக்குத்தான் வேதவாக்கு.

அதே வாரம் சுதா போன் செய்தாள். ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறது, மெஷின் ஓடவே மாட்டேன் என்கிறது என்றாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பம்பின் வயரை எலி கடித்துத் தோல் உரிந்திருந்தது. கரண்டு தண்ணீரில் கசிந்தது, ட்ரிப்பர் கண்டுபிடித்து அணைத்தது. நான் கட்டினபடியே நடந்துகொண்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மாற்றுப் பம்பு என் பையிலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. ட்ரிப்பரையும் எர்த் வயரையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நேர் இணைப்புக் கொடுத்தேன். மெஷின் ஓடியது. சுதா, "நல்லவேளை வந்தீங்கண்ணா" என்றாள்.

அப்போது நான் ஆத்திரத்தில் இல்லை. நிதானமாக யோசித்தேன். தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கு ஒன்றும் ஆகாது, தரையில் கால் படாதவனுக்கு ஆகாது. சுதா அந்த அறைக்குள் போகவே மாட்டாள், அவளுக்கு மீன் வாடை ஆகாது. தேஜு தீனி போடுவது பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தண்ணீரைத் தொடக் கூடாது என்று அதற்குக் கண்டிப்பு. அதையும் யோசித்துவிட்டுத்தான் மெஷின் பெட்டியின் மூடியைத் திருகினேன். மிச்சம் இருந்தது தணிகைமணி கை மட்டும். ஒரே ஒரு நாள் அவன் மெஷினை நம்பி, கையை விடாமல் இருந்திருந்தால் அவனுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மெஷினைப் பார்க்கிற சாக்கில் போனேன். சுதா காபி கொடுத்தாள். தணிகைமணி குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். "வாப்பா, காப்பி குட்சினு இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ஈரக் கால் தடம் ஹாலில் அப்படியே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. காபி சூடாக இருந்தது. வாளி உருளும் சத்தம் கேட்டது. மிச்சக் காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மெயினை அணைத்தது நான். கத்திக்கொண்டு ஓடிவந்த சுதாவை அவன் மேல் விழாமல் இழுத்துப் பிடித்ததும் நான். இல்லாவிட்டால் அவளும் போயிருப்பாள் என்று தெருவே என்னைப் புகழ்ந்தது. தேஜு, "நைனா ஏன் கீழ பட்துகினு இருக்காரு?" என்று என்னைத்தான் கேட்டது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

சாமி மாலையோடு அழைத்துக்கொண்டது என்றார்கள். விபத்து என்று நீங்களும் எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் மின் ஆய்வு செய்ய வந்தவர் என்ன எழுதினார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. தரமற்ற உள்ளூர்த் தயாரிப்பு, கசிவைத் தடுக்கும் பாதுகாப்பு எதுவும் பொருத்தப்படவில்லை. வாங்கினவர்கள் எல்லாம் மெஷினைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சாயங்காலம் சுதா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணா. வேணும்னா செஞ்சீங்க? தெரியாம நடந்துபோச்சு" என்றாள்.

தெரியாமலா? ராத்திரி முழுக்கத் தூங்க முடியவில்லை, சார். பாதுகாப்பு வைக்கத் தெரியாதவன் என்று ஊர் பேசுகிறது. அவள் வேறு என்னை மன்னித்துவிட்டுப் போகிறாள். நான் சிக்னல்காரன். என் கையில் அந்தத் தவறு வராது. கழற்றிய ட்ரிப்பர் இதோ, எர்த் வயரும் இதோ. பெட்டியைத் திறந்து பாருங்கள், இரண்டுக்கும் திருகு ஓட்டை இருக்கிறது, அளவு பொருந்தும். தணிகைமணியைக் கொன்றது நான். தெரிந்து, யோசித்து, நிதானமாகக் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

சுதாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பம்பை மாற்றி, இந்த ட்ரிப்பரைத் திரும்ப மாட்டிவிட்டால் அதில் ஒரு குறையும் கிடையாது. இனிமேல் தேஜுவே தாராளமாகத் தண்ணீரில் கையை விட்டுப் பார்க்கலாம்.