ஐந்தாவது கம்பி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இருந்தும் முடிச்சூரில் எட்டு வீடு, ஒரு மண்டபம், சர்ச்சுக்குத் தகரக் கூரை எல்லாம் கட்டி எழுப்பினேன். நேற்று தாம்பரம் ரயிலில், எதிர் சீட்டில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அஞ்சு கம்பி பேஸ் கிடாரே வாங்கிடட்டுமாடா? அந்தக் கனமான அடிச்சத்தம் நாலு கம்பியில வராது.”

“வந்தா நம்ம முடிச்சூர் சர்ச் தகரமும் கூடவே பாடுதுக்கா. போன வாரம் இரவல் அஞ்சு கம்பி கிடார்ல நீ வாசிச்சப்ப, பாஸ்டர் ஜெபத்தை நிறுத்திட்டு மேல பார்த்தாரு.”

“இன்னொரு தடவை அதிர்ந்தா, கிடாரைப் பிடுங்கி வெச்சிட்டு என்னைப் பாட அனுப்பிடுவாங்க.”

“புயலுக்கே அசையாத கூரைக்கா. எவன் கட்டினானோ. உன் அஞ்சாவது கம்பிக்குத்தான் ஆடுது.”

பல்லாவரம் தாண்டியதும் அவள் சொன்னாள்: “சரி, நாலே எடுக்கறேன். சர்ச்சுல தொடர்ந்து வாசிக்கணும்ல.”

எவனோ இல்லை, நான்தான். கிடாரைத் தேர்ந்தெடுத்தது என் கூரை. ஞாயிற்றுக்கிழமை அவள் வாசிக்கும்போது என் பெயரையும் மைக்கில் சொல்லட்டும்.